தொப்பி போட்ட கூரை

கிப்தோவில் மழை நின்றுபோயிருந்தது.

வேறெந்த ஊரிலும் இது ஒரு செய்தியே அல்ல. ஆனால் சோக்கோ மழைக்காட்டுக்கு நடுவில் இருக்கிற கிப்தோவில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல வெயிலடித்தால் ஜனங்கள் நடுத்தெருவில் நின்று மேலே பார்ப்பார்கள். அன்று காலை அத்ராத்தோ நதியின் படித்துறையில் நின்று அப்படிப் பார்த்தவர்களில் லூதிஸ் ரென்தெரியாவும் ஒருத்தி. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அவள் மேகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வானத்துக்கு ஒரு மனு போட்டுடலாமா தலைவி? சங்கத்து லெட்டர்பேடுலயே அடிச்சுடுவோம்" என்றான் ஆர்செசியோ பெரேயா. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது சங்க விருதுக்கு அவளோடு சேர்ந்து இரண்டாவது நடுவர். வைக்கோல் தொப்பியை விசிறியாக்கி, தன் தொப்பைக்குக் காற்று வாங்கிக்கொண்டிருந்தான்.

"படகுல ஏறு. வாயாலயே துடுப்புப் போட்டுடுவ நீ."

லூதிஸ், ஊர்க் கட்டடக் கலைஞர் சங்கத்தின் தலைவி. வருடா வருடம் நல்ல கட்டடம் ஒன்றுக்குச் சங்கம் விருது கொடுக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் வரைபடத்தையும் புகைப்படத்தையும் மட்டும் பார்த்து ஒரு கலையரங்கத்துக்குக் கொடுத்தார்கள். விழாவையும் அந்த அரங்கத்திலேயே வைத்தார்கள். பாதியில் மழை பிடித்தது. கூரை அருவியானது. பாண்டு வாத்தியக்காரரின் பெரிய பித்தளைக் குழலில் தண்ணீர் நிரம்பி, அவர் ஊதியபோது முன்வரிசை முழுக்க நனைந்தது. அன்றிலிருந்து ஊரில் அவர்களுக்கு 'குடைச் சங்கம்' என்று பெயர்.

அதற்கப்புறம் தலைவியான லூதிஸ் ஒரே ஒரு விதி போட்டாள். நடுவர்கள் கொட்டும் மழையில் உள்ளே நின்று பார்க்காத எந்தக் கட்டடத்துக்கும் விருது கிடையாது. அதை வரைந்தவர் அப்போது பக்கத்தில் இருக்கக் கூடாது. விதி நன்றாகவே வேலை செய்தது. கேலி குறைந்தது.

இன்று அதே விதி அவள் கழுத்தை நெரித்தது.

கடைசிச் சுற்றில் இரண்டு கட்டடங்கள். ஒன்று, நகரத்து ஆற்றங்கரை மண்டபம். கான்கிரீட், அழகு, மழையிலும் பார்த்தாகிவிட்டது. இன்னொன்று நதியில் மேலே போனால் வரும் எல் பால்மார் கிராமத்தில் ஒரே ஒரு வகுப்பறை. வரைந்தவள் யிர்லேசா அஸ்பிரியா. இரண்டு தடவை போய்ப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் வெயில். இன்று மாலை சங்கக் கூடத்தில் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

சங்கம் பணம் தருவதில்லை, உழைப்பைத் தருகிறது. ஜெயித்த கட்டடம் எதுவோ, அதே மாதிரி வேண்டும் என்று கேட்கும் ஊர்களுக்கெல்லாம் உறுப்பினர்கள் ஒரு வருடம் கூலியில்லாமல் வரைந்து கொடுத்து, நின்று கட்டியும் தருவார்கள். மண்டபம் ஜெயித்தால் கரையோரம் இன்னும் சில மண்டபங்கள். வகுப்பறை ஜெயித்தால் நதியோரத்து ஏழு பள்ளிக்கூடங்களுக்குப் புதுக் கூரை. பலகையும் ஓலையும் வெட்டி வைத்துவிட்டு ஏழு ஊரும் காத்திருந்தது.

மேலே ஒரு மேகத் துணுக்குகூட இல்லை.

*

எல் பால்மார் கரையில் ஊரே கூடியிருந்தது. முன்னால் நின்றவள் ஆசிரியை ஃபிதெலினா மோயா. கையில் தட்டு, தட்டில் வறுத்த வாழைக்காயும் உப்புப் பாலாடைக்கட்டியும்.

"முதல்ல சாப்பிடுங்கம்மா. பசியோட பார்த்தா எல்லாக் கட்டடமும் கோணலாத்தான் தெரியும்."

பள்ளி முற்றத்தில் இரண்டு அறைகள் எதிரெதிரே நின்றன. ஒன்று பழசு. மேலே வெறும் தகரம். எதிரே புதுசு. அதிலும் தகரம்தான், ஆனால் தகரத்துக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு, கனத்த ஓலைக் கூரை ஒன்று தாழ்வாகக் கவிந்திருந்தது. தகரத்துக்குக் கீழே பிரம்புப் பாய். ஊர்க்காரர்கள் அதற்குத் தொப்பிக் கூரை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"தகரத்துக்குத் தொப்பி. எனக்குப் போட்ட மாதிரியே" என்று ஆர்செசியோ தன் தொப்பியைத் தட்டிக் காட்டினான். "இது என்ன பண்ணும்னு மறுபடி சொல்லுங்க டீச்சர்."

"பேச விடும் சார்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. லூதிஸ் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. அவள் தகரத்தின் கீழ் பிறந்தவள். அந்த நதிக்கரையில் எல்லோருமே அப்படித்தான். மழை விழுந்ததும் வாக்கியத்தின் நடுவில் பேச்சை நிறுத்துவார்கள். மழை விட்டதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள். சண்டை, கல்யாணப் பேச்சு, பாதிரியாரின் பிரசங்கம் எல்லாமே அப்படி. மழையோடு போட்டி போட்டுப் பேசிய மனிதரை அவள் பார்த்ததே இல்லை.

"என் பிள்ளைங்களுக்குக் கழித்தல் தெரியாதும்மா" என்றாள் ஃபிதெலினா, பழைய அறையைக் காட்டி. "கூட்டல் வெயில்ல நடந்துச்சு. கழித்தல் ஆரம்பிச்சேன், மழை பிடிச்சுது. மறுநாளும் மழை. அதுக்கு மறுநாளும். அப்புறம் பெருக்கலுக்குப் போயிட்டோம். இங்கேருந்து டவுனுக்கு வேலைக்குப் போன பசங்க கடையில மீதிச் சில்லறை வாங்கத் தெரியாம நிக்கிறாங்க. எல்லாரும் மக்குன்னு நினைக்கிறாங்க. மக்கு இல்லம்மா. மழை."

லூதிஸ் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். நீலம்.

*

மதியத்துக்கு மேல் முற்றத்தில் தடதடவென்று ஏதோ உருளும் சத்தம். லூதிஸ் எட்டிப் பார்த்தாள். ஆற்று மணலில் தங்கம் அரிக்கிற நெஃப்தாலி என்பவன் தன் பம்பைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் நாலு பேர் தோளில் குழாய்.

"இது எதுக்கு?"

"மழைங்கம்மா" என்றான் கூச்சமே இல்லாமல். "வானம் தராட்டி நாங்க தர்றோம். ஆத்துல தண்ணிக்கா பஞ்சம்?"

"இறக்கு அதை."

லூதிஸ் ஆர்செசியோவை இழுத்துக்கொண்டு புது அறைக்குள் போனாள். உள்ளே பிள்ளைகள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பாதி உயரத்துக்கு மேல் பலகைச் சட்டங்கள். தாழ்ந்த ஓலை வெளி வெளிச்சத்தைப் பச்சையாக்கி உள்ளே அனுப்பியது. நடுவர்கள் சண்டை போடுவதைப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆவலாகத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"ஊத்தட்டுமே லூதிஸ். தண்ணி தண்ணிதானே."

"பம்ப் தண்ணி ஒரு மூலையில விழும். மழை மொத்தமா விழும். இது தெரியாமத்தான் நீ பட்டம் வாங்கினியா?"

"உன்னைப் பார்த்து எழுதித்தான் வாங்கினேன். சரி, அப்போ மண்டபத்துக்குக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

"ஏழு ஊரு ஓலை வெட்டி வச்சிருக்கு."

"அப்போ விதியைத் தூக்கிப் போடு."

"தூக்கிப் போட்டா? குடைச் சங்கம்னு பேரு இருந்துச்சு, நாளைக்குப் பம்ப் சங்கம்னு வைப்பாங்க. நாம குடுக்கிற எதையும் எவனும் நம்ப மாட்டான். இந்தக் கூரை நிஜமாவே நல்ல கூரையா இருந்தாலும் நம்ப மாட்டான்."

"நீ நம்புறியா?"

அதுதான் உண்மையான சிக்கல். அவளுக்கு ஆசை இருந்தது, நம்பிக்கை இல்லை. ஆசைக்கு விருது கொடுத்துத்தான் அன்று அந்தப் பித்தளைக் குழல் நிரம்பியது.

அப்போதுதான் அந்தச் சத்தம். தலைக்கு மேலே எங்கோ, அரிசி களைகிற மாதிரி ஒரு மெல்லிய சலசலப்பு. அறையின் பச்சை வெளிச்சமும் கொஞ்சம் மங்கியது.

"பார்த்தியா, நான் இறக்குன்னு சொல்லியும் ஆரம்பிச்சுட்டான்." லூதிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு நிமிஷம் இரு. அந்தப் பம்பை ஆத்துலயே தள்ளிட்டு வரேன்."

கதவைப் படாரென்று திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முற்றம் காணாமல் போயிருந்தது. வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஓலை விளிம்பிலிருந்து மழை திரைச்சீலையாக இறங்கியது. அதற்கு அப்பால் நெஃப்தாலி தொப்பலாக நனைந்து நின்றான். குழாய் அவன் காலடியில் காலியாகக் கிடந்தது. பம்ப் ஓடவே இல்லை. வாயைத் திறந்து வானத்தைக் குடித்துக்கொண்டிருந்தான்.

இது மழை. சாதாரண மழையும் இல்லை. நாலைந்து நாள் அடக்கி வைத்ததை மொத்தமாகக் கொட்டுகிற சோக்கோ மழை.

லூதிஸ் மெல்லத் திரும்பி ஆர்செசியோவைப் பார்த்தாள்.

"நாம கத்தலையே" என்றாள்.

"என்ன?"

"இவ்வளவு நேரம் சண்டை போட்டோம். நீயும் கத்தல. நானும் கத்தல."

ஆர்செசியோவின் கையிலிருந்த தொப்பி விசிறுவதை நிறுத்தியது.

*

லூதிஸ் மழைக்குள் இறங்கி ஓடினாள். எதிரே பழைய அறை. உள்ளே கால் வைத்ததும் இடி தலைக்குள் இறங்கியது போலிருந்தது. அங்கே இன்னொரு ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மேஜை மேல் கவிழ்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. லூதிஸ் தன் பெயரையே தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். உதடு அசைந்தது தெரிந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

மறுபடி ஓடி வந்தாள். தாழ்ந்த ஓலைக்குள் தலையை நுழைத்த கணத்தில், யாரோ உலகத்தின் வாயைக் கையால் பொத்தியது போல அந்த இரைச்சல் பின்வாங்கியது. மழை போகவில்லை. அங்கேதான் இருந்தது. ஓலையில் விழுந்து, உடைந்து, தூறலாகித் தகரத்தைத் தொட்டு, தூரத்துக் கடல் மாதிரி முனகிக்கொண்டிருந்தது. பிரம்புப் பாயைத் தடவினாள். சுவர் மூலைகளைத் தடவினாள். ஈரமாயிருந்தது அவள் கை மட்டும்தான்.

ஃபிதெலினா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். கழித்தல்.

"பதிமூணுல ஏழு போனா?"

குரலை உயர்த்தவில்லை. வெயில் நாளில் கேட்பது போலக் கேட்டாள். கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி விரல்களை மடக்கினாள், நிமிர்த்தினாள், மறுபடி மடக்கினாள். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலக் கிசுகிசுத்தாள்.

"ஆறு."

கதவோரம் சொட்டச் சொட்ட நின்ற லூதிஸின் காதில் அது விழுந்தது. அத்தனை தண்ணீரைக் கடந்து, அவ்வளவு சின்னக் குரல். லூதிஸுக்கு உடம்பு சிலிர்த்தது. மாதா கோயிலில் மணியடிக்கும்போது நிற்பது போல, தன்னையறியாமல் கைகளைக் கோத்து நின்றாள். எத்தனையோ மழைகளில் அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். அத்தனையிலும் யாரோ ஒரு பிள்ளை பதில் சொல்லியிருக்கலாம்.

பின்னாலிருந்து ஆர்செசியோ மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. அதுவும் தெளிவாகவே கேட்டது.

"ஜலதோஷம்" என்றான்.

"கேட்காமலே சொல்ற."

*

மழை படகைத் துரத்திக்கொண்டே நகரத்துக்கு வந்தது. சங்கக் கூடம் நிரம்பியிருந்தது. இரண்டாவது வரிசையில், நகத்தைக் கடித்துக்கொண்டு யிர்லேசா. தன் அறையை மழையில் பார்த்தார்களா என்பதே அவளுக்குத் தெரியாது.

லூதிஸ் மேடையேறி மைக்கைப் பிடித்தாள். "இந்த வருஷம் நம்ம சங்கத்து விருது..."

சரியாக அந்த இடத்தில் மழை கூடத்தின் தகரக் கூரையில் இறங்கியது.

பெயரைச் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்திச் சொன்னாள். வந்திருந்தவர்கள் வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு மழை விடுவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஊரின் எல்லாக் கட்டடக் கலைஞர்களும், தங்கள் சொந்தக் கூரைக்குக் கீழே, ஊமைகளாக.

காத்திருக்க லூதிஸால் முடியவில்லை. மைக்கை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரல்நுனிகள் தொடும்படி கூரை போலச் சாய்த்துப் பிடித்தாள். ஆர்செசியோவுக்குப் புரிந்தது. தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி, அவள் விரல்களின் மேல் மெதுவாக, ஒரு கிரீடத்தை வைப்பது போல வைத்தான்.

இரண்டாவது வரிசையில் யிர்லேசா எழுந்து நின்றாள். கை தானாக வாயைப் பொத்தியது.

அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள். அத்தனை கைகளும் தட்டுவதை லூதிஸ் மேடையிலிருந்து பார்த்தாள். ஒரு தட்டல்கூடக் கேட்கவில்லை.