இஸ்மத் அம்மையார் உப்புப் பார்த்த நாள்

மேற்கே வெள்ளியங்கிரியின் முடிகள் வெயிலில் நீலம் வெளுத்து நிற்க, பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்த காற்று உக்கடத்துப் பெரியகுளத்து நீரைத் தடவி, மேம்பாலத்து ஊர்திகளின் புகையையும் மீன் அங்காடியின் வாடையையும் ஒருங்கே சுமந்துகொண்டு கோட்டைமேட்டின் குறுந்தெருக்களுக்குள் நுழைகின்ற பங்குனித் திங்களின் பிற்பகல் அது. நோன்பு மாதத்தின் பத்தொன்பதாம் நாள். உதடுலர்ந்தும் உள்ளம் உலராத ஆடவர் பள்ளிவாசலுக்கு நடந்துகொண்டிருந்தனர். கடைத்தட்டுகளில் பேரீச்சம்பழம் குவிந்துகொண்டிருந்தது. அத்தெருக்களுள் ஒன்றின் கோடியில், பூண்டும் வெந்தயமும் புதினாவும் கலந்து கொதிக்கும் மணம் எந்த வீட்டிலிருந்து வருகிறதோ, தமிழ் நயம் தேர்ந்த பெரியீர், அந்த வீட்டுக்குத்தான் நாம் போகப்போகிறோம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வாருங்கள்; அந்த வீட்டம்மைக்குக் கோபம் சட்டென்று வரும்.

இஸ்மத் என்பது அவள் பெயர், அகவை எழுபத்தொன்று. தகரப் பட்டறை வைத்திருந்த அவள் கணவன் அப்துல் வஹீது, மகன் ஷாநவாஸுக்கு நான்கு வயதாக இருக்கையில், ஒரு நோன்பு மாதத்தின் நடுவே கண்மூடினான். அன்று தொட்டு முப்பத்திரண்டு ஆண்டுகள், சேவல் விழிக்குமுன் எழுந்து இடியாப்பம் பிழிந்து, கூடையைத் தலையிலேற்றித் தெருத்தெருவாய் விற்று, அந்த மகனை வளர்த்து, நீரேற்றுப் பொறி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுக்கு உரியவனாக்கி, ரம்ஷா என்னும் நல்லாளை மணமுடித்தும் வைத்தாள். கைம்பெண்ணான முதல் ஆண்டில் அண்டை வீட்டார் ஊற்றிய கஞ்சியால் உயிர் தரித்ததை மறவாது, அடுத்த ஆண்டு முதற்கொண்டு நோன்புக் கஞ்சியைத் தானே காய்ச்சி ஊற்றலானாள். பள்ளிவாசல் வரிசையில் ஆடவரோடு நிற்கக் கூசும் கைம்பெண்களும், காந்திபுரத்துத் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றுவிட்டுப் பிந்தித் திரும்பும் பெண்களுமாக, அறுபது பேருக்கு அவள் அண்டாவே அடைக்கலம்.

ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நோன்பாளி சமைக்கும்போது உப்பு அறிய வேண்டின், நாநுனியில் தொட்டு உமிழ்ந்துவிடலாம் என்பர் நெறியறிந்தோர். இஸ்மத்தோ அதற்கும் உடன்படாள். கைப்பிடியால் அளந்து, பொங்கும் நுரையின் நிறம் பார்த்து, எழும் ஆவியை முகர்ந்தே உப்பு இத்துணை என்று அறிவாள்; ஒரு நாளும் பிழைத்ததில்லை. அந்தச் செருக்கு அவளுக்கு உண்டு. இல்லை என்று சொல்லி நான் ஏன் பொய்யுரைக்க வேண்டும்?

இவ்வாண்டு நோன்புக்கு முன்னர், நீரிழிவு முற்றியிருந்த அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றான் மகன். உடன் போனவர் தானி ஓட்டும் அண்டை வீட்டுத் திருமலைசாமி. மாத்திரை உண்டு பட்டினி கிடந்தால் குருதியில் சர்க்கரை வீழ்ந்து உயிருக்கே இடர் என்றும், இனி நோன்பு கூடாது என்றும் மருத்துவர் கண்டிப்பாய்க் கூறினார். மகன் கைகூப்பி வேண்ட, “செரி, புடிக்கலே போ” என்று தாயும் வாக்களித்தாள். தெருப் பெண்டிர்க்கு இது தெரியலாகாது என்று மருமகளின் வாயையும் கட்டினாள். பின்பு செய்தது என்ன? வைகறைத் தொழுகைக்கு முன் இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு குவளை நீரும் மாத்திரையும் விழுங்கி, எப்போதும் போல் நோன்பு வைத்தாள்! ரம்ஷா காலையில் தரும் இட்டிலியை மாடிக்கு எடுத்துச் சென்று அடுத்த வீட்டு வெள்ளாட்டுக்கு ஊட்டினாள். பதினெட்டு நாள் இந்தக் கள்ளம் நடந்தது; ஆடு ஒன்றுதான் அறிந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள் பிற்பகல், அண்டாவின்முன் நின்றவளுக்குக் கை நடுங்கிற்று. நெற்றி குளிர்ந்து வேர்த்தது. போட்ட உப்பைப் போட்டோமா என்னும் ஐயம் எழ, மீண்டும் ஒருமுறை பிடிபிடியாய் அள்ளிப் போட்டாள். கதிர் மறைய முக்கால் மணி நேரம் இருக்கையில், தூக்குப்போசியுடன் வந்தார் திருமலைசாமி. நோன்பில்லாதவராதலின் அவர் காத்திருப்பதில்லை. வாங்கிய இடத்திலேயே நின்று குடிப்பார். அன்று ஒரு மிடறு குடித்தவர் முகம் கோணிற்று.

“ஏனுங்கம்மா, உப்புக் கரிக்குதுங்களே! நீங்கதான் இந்த வருசம் நோம்பு புடிக்கறதில்லீங்களே, ஒரு சொட்டு வாயில ஊத்திப் பாத்திருக்கலாமுங்களே?”

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ரம்ஷாவின் கத்தி நின்றது. அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அண்டாவைப் பார்த்தாள்.

“மாமி, காத்தால குடுத்த இட்லியச் சாப்புட்டீங்களா, இல்லீங்களா?”

சுவரைப் பற்றியிருந்த கை வழுக, இஸ்மத் அடுப்படியிலேயே சரிந்து அமர்ந்தாள். திருமலைசாமி பதறினார். “நான் வாய வெச்சுட்டுச் சும்மா இருக்காம என்னத்தையோ சொல்லிப்போட்டனுங்களா?”

“நீங்க ஓடிப்போயி நாலு தேங்கா கொண்டாங்கண்ணா, கஞ்சியச் செரி பண்ணோணும்” என்று அவரை அனுப்பிக் கதவைச் சாத்திய ரம்ஷா, வெல்லக்கட்டி ஒன்றை எடுத்துவந்து மாமியாரின் வாயருகே நீட்டினாள். அம்முதியவளோ பல்லைக் கடித்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“முக்கா மணி நேரந்தான் கண்ணு. தாங்கீருவேன்.”

“தாங்கலீன்னா? உங்க மகனுக்கு நான் என்னன்னு பதில் சொல்றதுங்க?”

“பதனோரு வயசுல ஆரம்பிச்சது அம்மணி. அறுவது வருசம். அவரு மய்யத்து ஊட்டுல கெடந்த அன்னைக்குங்கூட நான் நோம்பு. இப்ப ஒரு கட்டி வெல்லத்துக்கு வாயத் தொறந்துட்டா, நாளைக்கு அல்லா முன்னால எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது?”

சொல் குழறிற்று, கண்கள் செருகலாயின. உயிர் ஒருபுறமும் அறுபதாண்டு ஒருபுறமுமாய் அந்தக் கிழவி கிடந்த கிடையைக் கண்டிருந்தால், பெரியீர், நீரும் கலங்கியிருப்பீர். ரம்ஷா கலங்கி நிற்கவில்லை. வெல்லத்தை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை மாமியார் கண்முன்னே தன் வாயிலிட்டுக் கடித்தாள்.

“அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிப்போட்டே!”

“எனக்கு முந்தாநேத்துல இருந்து நோம்பு இல்லீங்க மாமி.”

திங்கள்தோறும் விலக்காகும் நாட்களில் பெண்டிர்க்கு நோன்பில்லை என்பது நெறி. ஆயினும் அந்நாட்களில் அவர்கள் உண்பதை எவரும் கண்டதில்லை. கதவுக்குப் பின்னே நின்று நீரருந்தி, வாய் துடைத்து, நோன்பாளி போலவே வெளிவருவர். பதினோராண்டு அந்த வீட்டில் வாழ்ந்த ரம்ஷா மாமியாரிடம்கூட இதைச் சொன்னதில்லை. தன் காலத்தில் இஸ்மத்தும் எவரிடமும் சொன்னதில்லை. வெட்கத்தால் வெல்லத்தைவிடச் சிவந்திருந்தது அம்மருமகளின் முகம்.

“இது நானா எடுத்துக்கிட்ட லீவு இல்லீங்க மாமி, அல்லா குடுத்தது. நான் வாங்கிக்கறேன். சீக்காளிக்கும் அவந்தானுங்களே குடுத்திருக்கான்? அவன் குடுக்கறத வேண்டாம்னு தள்ளறதுக்கு நீங்க யாருங்க?”

இப்படி ஒரு சொல்லை அந்த வீட்டில் எவரும் இஸ்மத்திடம் பேசியதில்லை. சினக்கவும் அவளிடம் வலுவில்லை. மருமகள் கையில் எஞ்சிய பாதி வெல்லத்தைப் பார்த்தாள். பிறகு, ‘இறைவன் பெயரால்’ என்று முணுமுணுத்து வாய் திறந்தாள். மருமகள் வைத்த வெல்லம் நாவில் கரையக் கரையக் கண்ணீர் காதோரம் வழிந்தது. ரம்ஷா முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கால் மணி நேரத்தில் நடுக்கம் தணிந்து எழுந்தமர்ந்த இஸ்மத்துக்கு முதலில் வந்த நினைவு கஞ்சி. தேங்காயுடன் வந்த திருமலைசாமி கதவுக்கு வெளியே நின்றபடியே உரித்து உடைத்துத் தந்தார். கஞ்சியை இரண்டு அண்டாக்களாகப் பகுத்து, உப்பிடாத சோற்றை மசித்துக் கொட்டி, தேங்காய்ப் பாலூற்றிக் கிளறினாள் ரம்ஷா. அவளே சுவைத்திருக்கலாம். ஆனால் கரண்டியை மாமியாரிடமே நீட்டினாள். “நீங்களே பாருங்க மாமி. இது உங்க கஞ்சி.”

பகலொளி சன்னலில் நிற்கும்போதே இஸ்மத் அக்கரண்டியை வாங்கி, ஊதி, குடித்தாள். “இன்னொரு தேங்கா ஊத்து” என்றாள். ஊற்றியபின் மறுபடியும் குடித்தாள். “ம், போதும்.”

பள்ளிவாசலின் அழைப்பொலி எழுந்தபோது, முற்றத்துப் பாயில் பெண்கள் வரிசையாய் அமர்ந்திருந்தனர். ஆண்டுதோறும் அவர்களிடையே அமர்ந்து நோன்பு திறப்பவள், அன்று கரண்டியுடன் நின்றுகொண்டிருந்தாள். துணிக்கடையில் வேலை செய்யும் நிதா, கால் வீக்கத்தைத் தேய்த்துக்கொண்டே ஒரு மிடறு குடித்துக் கண்மூடினாள்.

“இன்னைக்கு உப்பு அளவா நெறஞ்சு நிக்குதுங்கம்மா” என்றாள்.

இஸ்மத் அறுபது பேரையும் ஒருமுறை பார்த்தாள், மருமகளையும் பார்த்தாள்.

“நிக்காம என்ன கண்ணு? எனக்கு இந்த வருசம் நோம்பு இல்லே. குடிச்சுப் பாத்துத்தான் ஊத்துனேன்.”

வரிசையில் ஒருத்தியும் வியக்கவில்லை. ஒரு கிண்ணம்கூடத் தரையில் வைக்கப்படவில்லை. பசித்திருத்தல் எளிது, பெரியீர். இல்லை என்று பலர்முன் சொல்லி, தரப்பட்டதைத் தாழ்மையோடு வாங்கிக்கொள்வதே அரிய நோன்பு. எழுபத்தொரு வயதில் அதன் முதல் நாளை நிறைவு செய்த இஸ்மத், காலியான கிண்ணம் எது என்று தேடி, கரண்டியுடன் அடுத்தவளை நோக்கி நடந்தாள்.