அமைதிக் குழுவின் ரத்த அழுத்தம்

முனைவர் பட்டத்துக்கு நான் சேர்ந்து மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. இதயம், ரத்தக் குழாய் நோய்களை ஆராயும் ஆய்வுக்கூடத்தில் எனக்கென்று ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, அதோடு இணைத்த திரை, எதிரே எனக்கொரு ஸ்டூல். கதவில் 'அமைதி' என்று நானே அச்சடித்து ஒட்டியிருந்தேன்.

ஆய்வு இதுதான். ஐம்பது வயதைத் தாண்டிய தன்னார்வலர்கள் நாற்பத்து நான்கு பேர். பாதிப் பேர் பத்து நிமிடம் ஆயிரத்திலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். மனச்சுமையால் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க இந்த ஏற்பாடு. மீதிப் பேர் அதே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் அமைதிக் குழு. அவர்களுக்கு ஏறக் கூடாது.

ஏறியது. கணக்குப் போட்டவர்களைவிடச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு புள்ளி அதிகம்.

புத்தியுள்ள யாரும் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் உலகத்துக்கு ஏதோ சொல்ல வந்தவன் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் கோட்பாடு தயாராகிவிட்டது: வேலையில்லாத மூளை தன்னையே கடித்துக்கொள்கிறது, அதனால் ரத்தக் குழாய் இறுகுகிறது, ஆகவே ஓய்வு இதயத்துக்குக் கேடு. மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதினேன். கண்ணாடி முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்தேன். கேள்வி கேட்டவனும் நானே என்பதால் நன்றாகவே போனது.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கணக்கு போட்டா பிரஷர் ஏறாதா? எங்க பசங்ககிட்ட சொன்னா அடிக்க வருவாங்க" என்றாள். விஞ்ஞானம் தெரியாதவள் என்று அவளை மனதுக்குள் மன்னித்தேன்.

சுருக்கத்தை என் வழிகாட்டியிடம் கொடுத்தேன். அவர் இதயநோய் மருத்துவர், எங்களுக்கு மேடம். இரண்டு தடவை படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பின்னாலேயே ஏதோ வரும் என்று இதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

"வாங்க, என்னையும் அமைதிக் குழுவுல உட்கார வச்சு அளங்க" என்றார்.

முதல் அளவை எல்லோருக்கும் வெளி அறையில் சிஸ்டர் எடுப்பார். அங்கே மேடத்துக்கு நூற்றுப் பதினெட்டு. பிறகு என் அறை. பட்டையைக் கையில் சுற்றிவிட்டு, வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். பத்து நிமிடம் முடிந்தபோது நூற்று முப்பத்தொன்பது. வழிகாட்டியின் உடம்பிலேயே கோட்பாடு நிரூபணமாகிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"இவ்வளவு நேரம் நீங்க என்ன பண்ணீங்கன்னு தெரியுமா?" என்று மேடம் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலையே மேடம். சும்மாதான் இருந்தேன்."

"புருவத்தைச் சுருக்குனீங்க. 'ச்சு'ன்னீங்க. என்னை ஒரு பார்வை பாத்தீங்க, பெருமூச்சு விட்டீங்க, குனிஞ்சு எழுதுனீங்க. இருபத்தாறு வருஷமா இதயம் பாக்குறவ நான். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கே தெரியும். ஆறாவது நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அளவைத் தன்னார்வலரிடம் சொல்லக் கூடாது என்பது ஆய்வின் விதி. ஆகவே அமைதிக் குழுவுக்குத் தங்கள் உடல்நிலை பற்றிக் கிடைத்த ஒரே தகவல் என் முகம். கணக்குக் குழு தப்பித்தது; தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என்னைப் பார்க்க நேரமில்லை. போதாக்குறைக்கு எல்லோரும் என்னை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். இன்னும் ஆகவில்லை என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்க நன்றாக இருந்தது.

வாசலில் நின்றிருந்த சிஸ்டர், "போன மாசமே சொன்னேனே தம்பி, உங்க ரூம்லேருந்து எல்லாரும் வெளுத்துப்போய் வர்றாங்கன்னு" என்றார்.

சொல்லியிருந்தார். குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அப்போது நான் ஏசியைத்தான் குறைத்து வைத்தேன்.

"அந்த இருபத்திரண்டு பேருக்கும் நீங்களே போன் பண்ணுங்க. அவங்கவங்க அளவையும் சொல்லிடுங்க. நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதிக்கிறேன்" என்றார் மேடம்.

பாதிப் பேர் சிரித்தார்கள். தையல் வேலை செய்யும் ஒரு அம்மா, என் முகத்தைப் பார்த்ததிலிருந்து மூன்று வாரமாக உப்பே இல்லாமல் சாப்பிடுவதாகச் சொன்னார். பதினாறாவது ஆள், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நான் டாக்டர் இல்லை, மாணவன்தான் என்பதில் ஆரம்பித்து முழுவதும் சொல்லி முடித்தேன்.

"அன்னைக்கு நீங்க விட்ட பெருமூச்சைப் பாத்து நேரா வீட்டுக்குப் போனேன் தம்பி" என்றார். "பீரோ சாவி எங்க இருக்கு, எந்தப் பத்திரம் எந்தக் கவர்ல இருக்குன்னு மகள்கிட்ட சொல்லிட்டேன். அது அழுதுச்சு. என் தம்பிகூட பதினோரு வருஷமா பேச்சில்ல. சாகுறதுக்கு முன்னாடின்னு அவனையும் கூப்பிட்டுப் பேசிட்டேன்."

"மன்னிச்சிடுங்கய்யா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. சிஸ்டர் எடுத்தது நூத்தி இருபத்தாறு. நல்லா இருக்கீங்க."

மறுமுனையில் அவர் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"அவன்கூட பேசியாச்சே" என்றார், இனி என்ன செய்வது என்று என்னைக் கேட்பதுபோல.

அதுவரை என் மடத்தனம் எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது. மகள் அழுதாள் என்று கேட்டபிறகு அப்படி இல்லை. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "நீங்கதானா அது" என்று தொடங்கியவள் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. ஒரு வார்த்தைகூட அநியாயமாகச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டேன். என் அழுத்தம் அப்போது எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் நோட்டுத் திருத்துவதை நிறுத்தவேயில்லை.

"நாம முதல்முதலா பேசுன அன்னைக்கு, உங்க முகத்தைப் பாத்துட்டு, உங்களுக்கு ஏதோ சாவுச் செய்தி வந்திருக்குன்னு அக்காகிட்ட சொன்னேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"பழகிடுச்சு."

எல்லாவற்றையும் புது ஆட்களோடு மறுபடி செய்ய எட்டு மாதம் ஆயிற்று. சிஸ்டர் பட்டையைச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார். கருவி தானாக அளக்கும். நான் கதவுக்கு வெளியே, யார் கண்ணிலும் படாமல், நடைபாதைத் திருப்பத்தில் உட்கார்ந்திருப்பேன். சும்மா இருந்தவர்களுக்கு அழுத்தம் நான்கு புள்ளி இறங்கியது. கணக்குப் போட்டவர்களுக்கு ஒன்பது ஏறியது. பாடப்புத்தகத்தில் என்ன இருந்ததோ அதுவே.

மாநாட்டுச் சுருக்கத்தைக் கிழிக்கப் போனேன். மேடம் தடுத்தார். "முதல்ல நடந்ததையும் எழுதுங்க. அளக்குறவர் முகம் அளவை எப்படி மாத்துதுன்னு ஒரு அத்தியாயம். உங்களைவிட நல்ல கருவி யாருக்குக் கிடைக்கும்?"

எழுதினேன். தேர்வாளர்கள் என் ஆய்வேட்டில் ஆர்வமாகப் படித்தது அந்த அத்தியாயத்தை மட்டும்தான். அது கட்டுரையாக வெளியாகத் தயாரானபோது, என் பெயருக்கு அடுத்துச் சிஸ்டரின் பெயரைப் போட அனுமதி கேட்டுப் போனேன். முதலில் கவனித்தவர் அவர்தானே. அவர் கையுறைப் பெட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டார்:

"போட்டா என்ன ஆகும் தம்பி?"

"ஒண்ணும் ஆகாது சிஸ்டர்."

"அப்படின்னா போடுங்க" என்றார். போவதற்குத் திரும்பிய என்னிடம், பெயரில் ஒரு எழுத்து எப்போதும் தப்பாகப் போடுகிறார்கள் என்று சொல்லி, ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தார்.