முன்னால் ஆடுகிறவள்

கல்யாணத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது என் அண்ணியின் முட்டி வீங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை ரொட்டியும் தயிரும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். முட்டியின் மேல் உறைந்த பட்டாணிப் பை. என்னைப் பார்த்ததும் பாவாடையை இழுத்து மூடினாள்.

“ஒண்ணுமில்ல, தோன்கா. காபி குடிக்கிறியா?”

“பட்டாணிய இப்பல்லாம் முட்டியில வெச்சுத்தான் சமைக்கறீங்களா?”

பாவாடையை விலக்கிப் பார்த்தேன். ஆபரேஷன் தழும்பைச் சுற்றித் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும், என் சுபாவம் அப்படி.

“நேத்து என்ன பண்ணீங்க?”

“கொஞ்சம் ஆடிப் பார்த்தேன்.”

“கொஞ்சம்னா?”

அலமாரி மேல் கிடந்த பழைய டேப் ரெக்கார்டர் மேஜைக்கு இறங்கி வந்திருந்தது. மேஜையைச் சுவரோரமாகத் தள்ளிய தடம் தரையில் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு முழு வேகத்தில் ஆடியிருக்கிறாள்.

அண்ணி வெலிச்காவை என் அண்ணன் ஸ்டாமென் முதன்முதலில் பார்த்ததே ஒரு ஹோரோ நடன வரிசையின் தலையில்தான். ஊர் நடனக் குழுவில் எல்லாரும் கைகோத்து வர, வெள்ளைக் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு முன்னால் ஆடுகிறவள் அவள்தான். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு ஆடுவதை விட்டாள். முட்டியும் தேய்ந்தது. போன இலையுதிர்காலத்தில் பிளோவ்திவ் நகரத்துக்குப் போய் மூட்டு மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரே மகன் லாசர் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறான். ஜூனில் கல்யாணம் என்று அவன் போனில் சொன்ன அன்றைக்கே, மாமியார் ஹோரோவை நான்தான் ஆடுவேன் என்று இவள் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் முதல் ஹோரோ மாப்பிள்ளையின் அம்மாவுடையது. அவள் போகிற பக்கம் வரிசை போகும், அவள் எடுத்து வைக்கிற அடியைத்தான் மற்றவர்களும் வைப்பார்கள். ஒரே மகனைப் பெற்றவளுக்கு அது வாழ்நாளில் ஒரு தடவைதான் வாய்க்கும்.

அதற்காகத்தான் குளிர்காலம் பூராவும் அந்தச் சின்னச் சின்னப் பயிற்சிகளைச் செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டு, பிடி, மெதுவாக இறக்கு. சதுக்கத்து நீரூற்று வரை நட, திரும்பி வா. சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் மிலேனா அதிகம் பேசாத பெண். அவள் ஒன்றை மட்டும் வலியுறுத்தினாள். “வலி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. ‘இன்னிக்கு இவ்வளவுதான்’னு சொல்லிட்டு எழுந்துடுங்க.”

அந்த வாக்கியம் வெலிச்காவுக்குப் பிடிக்கவே இல்லை. “அந்தக் காலத்துல கறிக்கடை வரிசையில நின்னோமே, நம்ம முறை வர்றப்போ கடைக்காரி ஷட்டரை இழுத்துட்டுச் சொல்லுவா, இன்னிக்கு இவ்வளவுதான்னு. அதை நானே எனக்குச் சொல்லிக்கணுமாம்” என்பாள்.

அவளுடைய தொல்லையே வேறு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வட்டியும் முதலுமாகச் செய்வாள். முட்டி வீங்கும். வீங்கியதால் படுப்பாள். படுத்ததற்காகத் தன்னையே கரித்துக்கொட்டுவாள். எழுந்ததும் இன்னும் அதிகமாகச் செய்வாள். ஈஸ்டர் சமயத்தில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டுப்போனது. அந்தக் கணக்கை ஜூன் வரை அவள் தீர்க்கவில்லை. பயிற்சி செய்யும்போது முட்டியைப் பார்த்துத் திட்டுவாள். “தூக்கு, கழுதை. சோம்பேறி முண்டம்.” பக்கத்து அறையிலிருந்து கேட்டால் வீட்டில் யாரையோ வேலைக்கு வைத்துக் கொடுமைப்படுத்துகிறாள் என்றே நினைப்பீர்கள்.

அன்று மத்தியானம் மிலேனாவை வரவழைத்தேன். அவள் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முட்டியை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்தாள். வெலிச்கா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

“விழுந்தா என்ன ஆகும்?” என்று நான்தான் கேட்டேன்.

“எலும்பு முறியலாம். மறுபடி ஆபரேஷன், மறுபடி முதல்லேர்ந்து.” மிலேனா அவள் பக்கம் திரும்பினாள். “ஆட வேண்டாம்னு சொல்லல. ரெண்டு நாள் காலுக்கு ஓய்வு குடுங்க. அன்னிக்கு வீக்கம் வடிஞ்சிருந்தா, நடக்கற மாதிரி ஆடுங்க. துள்ளக் கூடாது. கால் போதும்னு சொன்னா நின்னுடணும்.”

“ஹோரோவுல நடக்கறதா? அதுக்குப் பேரு சவ ஊர்வலம்மா.”

மிலேனா பையை மூடிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் என்னிடம் மட்டும், “அவங்களுக்கு அடுத்து நீங்க நில்லுங்க” என்றாள்.

லாசருக்குத் தெரியக்கூடாது என்று வெலிச்கா என்னிடம் சத்தியம் வாங்கினாள். தெரிந்தால் அவன் ஆட விடமாட்டான். நானும் ஒரு சத்தியம் வாங்கினேன். கால் தடுமாறினால் கைக்குட்டையை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். சரி என்றாள். அவள் ‘சரி’யின் லட்சணம் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வீக்கம் பாதி வடிந்திருந்தது. பாதிதான். இறுக்கமான பட்டை கட்டி, அதன் மேல் நீளப் பாவாடை உடுத்தி, உதட்டுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டு வந்து நின்றாள். நன்றாகத்தான் இருந்தாள் பாவி. விருந்து விடுதியின் வாசலில் வெள்ளைத் துணி விரித்து மணமக்களை அதில் நடத்தி வந்தாள். ரொட்டியைத் தேனில் தொட்டு ஊட்டினாள். மணப்பெண் சிமோனா வழக்கப்படி தண்ணீரும் பூவும் நிறைந்த செப்புப் பாத்திரத்தை உதைத்தாள். தண்ணீர் சிமெண்டுத் தரையெல்லாம் ஓடியது. கூட்டம் கைதட்டியது. எனக்கு அந்த ஈரத் தரைதான் கண்ணில் பட்டது. ஒரு பையனைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னேன்.

“விட்டுடுங்க, வெயில்ல காஞ்சிடும்” என்றாள் சிமோனாவின் அம்மா ரோசித்சா. வார்னாவிலிருந்து வந்தவள். காலில் கத்தி மாதிரி குதிகால் செருப்பு. “சம்பந்தியம்மா கால்ல ஏதோ ஆபரேஷன்னு கேள்விப்பட்டேனே. வேணும்னா ஹோரோவை நான் ஆரம்பிச்சு வைக்கட்டுமா?”

“வேணாம் சம்பந்தி. பெண்ணுக்கு அம்மாவா இருங்க, அதுவே பெரிய வேலை” என்றாள் வெலிச்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இனிமேல் அவள் நொண்டினாலும் நிற்கமாட்டாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கிளாரினெட், அக்கார்டியன், பெரிய மத்தளம். கிளாரினெட்காரன் கறுப்புக் கண்ணாடி போட்ட இளவட்டம். வெலிச்கா வலது கையில் கைக்குட்டையைத் தூக்கினாள். இடது கையில் சிமோனா, அது மருமகளின் இடம். சிமோனாவுக்கு அடுத்து நான் புகுந்துகொண்டேன். லாசர் எனக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று. மணமக்களைப் பிரித்து நிற்கிறாளே என்று ரோசித்சா முறைத்தாள். முறைக்கட்டும்.

“அத்தை, தள்ளி நில்லேன்” என்றான் லாசர்.

“இனிமே ஆயுசுக்கும் அவ பக்கத்துலதான் நிக்கப்போற. பேசாம ஆடு.”

மத்தளம் விழுந்தது. வெலிச்கா வலப்பக்கம் முதல் அடி வைத்தாள். அதற்கப்புறம் அவளைப் பார்க்கிறவர்கள் அவள் முட்டியை நினைத்திருக்க மாட்டார்கள். நான் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தின் வால்நட் மரத்தைச் சுற்றி வரிசை வளைந்தது. ஆட்கள் பின்னால் வந்து வந்து கோத்துக்கொண்டார்கள். முதல் சுற்று நன்றாகவே போனது.

இரண்டாவது சுற்றில் கிளாரினெட் வேகம் எடுத்தது. எடுக்கத்தான் செய்யும், அதுதான் வழக்கம். வெலிச்காவின் தோள் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. வலது காலில் ஊன்றும்போது அடி குறைந்தது. அதை மறைக்க அவள் இன்னும் உயரமாகத் துள்ளினாள்.

“அண்ணி, குடுத்துடுங்க” என்றேன்.

“மாட்டேன்.”

“சத்தியம் பண்ணீங்க.”

“பண்ணினா என்ன?”

கழுத்தில் வியர்வை வழிந்தது. உதட்டுச் சிவப்பைத் தாண்டி முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. மத்தளத்தின் சத்தத்துக்கு நடுவே அவள் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. “நட, கழுதை. இன்னும் ஒரு சுத்து. நட, சோம்பேறி முண்டம். மானத்தை வாங்காதே.”

விழப்போகிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மணப்பெண்ணைத் தாண்டி எப்படி அவள் இடுப்பைப் பிடிப்பது என்று என் மனம் கணக்குப் போட்டது. அப்போது என் கைக்குள் இருந்த சிமோனாவின் கை சில்லென்று ஆனது.

“நடக்கறேன் அத்தை” என்றாள் அந்தப் பெண் வெலிச்காவிடம், மூச்சு வாங்கிக்கொண்டு. கண்ணில் நீர் முட்டி நின்றது. “செருப்பு வழுக்குது. அதான் லேட்டாகுது. மன்னிச்சிடுங்க.”

வெலிச்கா திரும்பிப் பார்த்தாள். புது மருமகள் பாவாடையை ஒரு கையால் தூக்க வழியில்லாமல், தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விழுந்தடித்து ஓடி வந்துகொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் அந்த வசவெல்லாம் தனக்குத்தான் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டே ஆடியிருக்கிறாள்.

என் அண்ணியின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை, அண்ணன் போன அன்றுகூட.

“உன்னை இல்லம்மா” என்றாள். “உன்னைப் போய் அப்படிச் சொல்லுவேனா? என் முட்டியைச் சொன்னேன்.”

“முட்டியையா?” சிமோனா இன்னும் ஆடிக்கொண்டேதான் கேட்டாள். “அது பாவம் என்ன பண்ணிச்சு?”

வெலிச்கா முன்பக்கம் திரும்பினாள். அடுத்த அடியைத் துள்ளாமல் வைத்தாள். அதற்கடுத்ததையும். நடந்தாள். சிமோனா அவள் மேல் இடித்தாள், நான் சிமோனா மேல் இடித்தேன், லாசர் என் குதிகாலை மிதித்தான், பின்னால் வரிசை முழுக்க ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். யாரோ கத்தினார்கள், “என்ன ஆச்சு முன்னால?” கிளாரினெட்காரன் எங்களைப் பார்த்தான், ரோசித்சாவைப் பார்த்தான், அதே வேகத்தில் ஊதினான். அத்தனை பேர் நடுவில் இவள் இப்படிக் காலைத் தேய்த்து நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்கே தோன்றியது.

வெலிச்கா கைக்குட்டையைத் தலைக்கு மேலே தூக்கி, அவனைப் பார்த்து மெதுவாகக் கீழே இறக்கினாள். அவன் கவனிக்காத மாதிரி இருந்தான். மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். அவன் கண்ணாடியைக் கழற்றினான். மத்தளக்காரர் வயதானவர், அவர் புரிந்துகொண்டார். மத்தளம் இறங்கியதும் கிளாரினெட் இறங்கித்தானே ஆகவேண்டும்.

“வா” என்று வெலிச்கா முணுமுணுத்தாள். “வா கண்ணு. அவசரமில்ல.” இந்தத் தடவை அது சிமோனாவுக்கா முட்டிக்கா என்று எனக்கும் தெரியவில்லை. சிமோனா சிரித்தாள்.

வரிசை மரத்தைச் சுற்றி வந்தது, ஒரு அடி, ஒரு மூச்சு, ஒரு அடி. வால் எங்களுக்கு எதிரே வந்தபோது பார்த்தேன். மேஜைகளிலிருந்து ஆட்கள் எழுந்து போய்க் கடைசியில் கோத்துக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்காக ஹோரோவை உட்கார்ந்தே பார்த்தவர்கள், கனத்த உடம்புக்காரர்கள், இடுப்புப் பிடித்தவர்கள். அவர்களுக்கு நடுவே ரோசித்சா, குதிகால் செருப்பைக் கழற்றி எங்கேயோ விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தாள்.

மரத்தை முழுதாகச் சுற்றி வந்ததும் வெலிச்கா கைக்குட்டையை என் பக்கம் நீட்டினாள்.

“இன்னிக்கு இவ்வளவுதான்” என்றாள்.

அந்தக் கடைக்காரியின் வாக்கியத்தை அவள் வாயால் முதல் தடவையாகக் கேட்டேன். சிமோனாவின் கையை என் கையில் வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். விழவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் கையில் கைக்குட்டை இருந்தது, கிளாரினெட்காரன் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி பறக்க ஆரம்பித்தான். நானும் விட்டேன் ஒரு ஓட்டம். எத்தனை நாளாகக் கைக்குட்டை மேல் கண் வைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். அரைச் சுற்றுக்குள் விலா பிடித்துக்கொண்டது. முட்டி ரெண்டும் கடகடத்தன.

“ஓடு, மாடு” என்று என் காலைப் பார்த்து நானே சொல்லிக்கொண்டேன்.

மேஜையிலிருந்து வெலிச்காவின் குரல் வந்தது. “தோன்கா, கையை இறக்கு. அவன் நிறுத்துவான்.”

மறுநாள் காலை அவள் முட்டியைப் பார்க்கப் போனேன். என் கால்கள் நகரவே மறுத்தன. மாடிப்படியைப் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறினேன். கதவு திறந்திருந்தது. முட்டியில் கொஞ்சம் வீக்கம் இருந்தது, வியாழக்கிழமை அளவுக்கு இல்லை. அவள் காலை நீட்டினாள், பிடித்தாள், மெதுவாக இறக்கினாள். பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தொடையைத் தடவிக்கொண்டாள். நான் வசவுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

எதிரே இன்னொரு நாற்காலி போட்டிருந்தாள்.

“உட்காரு” என்றாள்.

உட்கார்ந்தேன். காலைத் தூக்கப் பார்த்தேன், பாதிக்கு மேல் எழவில்லை. “பாழாப்போன கட்டை” என்றேன்.

“அதைத் திட்டாதே” என்றாள் என் அண்ணி. “நேத்து அது உனக்காக எவ்வளவு தூரம் ஓடிச்சு.”