கழுத்தில் தொங்கிய தக்கை

கரைச்சரிவில் இழுத்து நிறுத்திய படகின் பின்புறத் துளையிலிருந்து, பகலெல்லாம் கசிந்து தேங்கிய நீர் மெல்லிய ஒழுக்காய் வடிந்துகொண்டிருந்தது. அது முற்றும் வடியட்டும் என்று படகோட்டி அருகே குந்தியிருந்தான். துளையை அடைக்கும் மரத்தக்கை நைலான் கயிற்றில் அவன் கழுத்தில் தொங்கியது. மாலையில் பிடுங்கிக் கழுத்தில் மாட்டுவதும், காலையில் படகை இறக்குமுன் துளையில் அறைவதும் பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். வேறெங்கு வைத்தாலும் மறந்துபோகும்.

முதலாளி பின்னால் வந்து நின்றார். ஏரியைச் சுற்றிப் பார்க்க அன்று வந்த ஒன்பது பேரில் ஒருவரைப் படகோட்டி ஏற்ற மறுத்திருந்தான். எட்டுப் பேர் என்று படகின் விலாவிலேயே வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கிறது. முதலாளி குரலை உயர்த்தவில்லை.

"நாளையிலேருந்து உன் மச்சினன் ஓட்டட்டும். சட்டையக் கழட்டி வச்சுட்டுப் போ."

துறையில் கயிறு பிடிக்கும் மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். படகோட்டி நீலச் சீருடைச் சட்டையைக் கழற்றி, மடித்து, படகின் இருக்கையில் வைத்துவிட்டுப் பனியனோடு வீடு வந்தான்.

மறுநாள் காலை, செய்வதற்கு ஒன்றுமின்றி வாசற்படியில் அமர்ந்திருந்தவனை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். தன் தம்பியே அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டது அவளுக்கு இரவெல்லாம் முள்ளாய் உறுத்தியிருந்தது.

"வேல போயிடுச்சு, மால மட்டும் போகலையாக்கும்" என்றாள்.

அவன் கை கழுத்துக்குப் போயிற்று. தக்கை அங்கேயே இருந்தது. படகு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடும்.

"வேணும்னா அவங்களே தேடிக்கிட்டு வரட்டும்" என்றாள் அவள்.

"தேடி வர்ற ஆளா முதலாளி? ஓட்டப்போறது உன் தம்பி" என்றான் அவன்.

அவள் அவன் செருப்பை எடுத்துப் போட்டாள்.

ஓட்டமும் நடையுமாய் அவன் துறையை அடைந்தபோது படகு நீரில் நின்றது. ஆட்கள் சிரித்துப் பேசியபடி ஏறிக்கொண்டிருந்தனர். மச்சினன் அவன் முகத்தைப் பாராமலே முணுமுணுத்தான்.

"துணி வச்சு அடைச்சிருக்கேன் மாமா. மத்தியானம் வரைக்கும் தாங்கும்னு அவருதான் சொன்னாரு."

"நடு ஏரியில அலை மோதுனா பிதுங்கிடும்டா. ஆடாமப் பிடி."

மார்பளவு நீரில் இறங்கி, படகின் பின்புறம் கைவிட்டுத் துழாவினான். துணியை உருவியதும் நீர் சரேலென உள்ளே பாய்ந்தது. தக்கையைப் பொருத்தி உள்ளங்கையால் இருமுறை ஓங்கி அறைந்தான். இதுவும் சுற்றுலாவில் சேர்த்தியா என்று படகிலிருந்த ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். மச்சினன் குவளையால் நீரை அள்ளி வெளியே கொட்டினான்.

முதலாளி சீட்டுக் கொடுக்கும் ஜன்னலிலிருந்தே காவலாளியை அழைத்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: படகுச் சாமானைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற ஆளை இனித் துறைக்குள் விடக் கூடாது. படகோட்டி மச்சினனிடம் தாழ்ந்த குரலில், "கரையோரமாவே சுத்து. நடுவுக்குப் போகாத" என்றான்.

படகு கிளம்பிற்று. நீரில் நின்றபடியே தலைகளை எண்ணினான். மச்சினனைச் சேர்க்காமல் ஒன்பது. விலாவில் எழுதியிருந்த எட்டு, பாதி நீருக்குள் இருந்தது.

கைக்குள் கசங்கிக் கிடந்த துணியைப் பிழிந்து விரித்தான். நீலச் சட்டையின் கை. முழங்கை கிழிந்த இடத்தில், போன மாதம் மனைவி நெருக்க நெருக்கமாய்ப் போட்ட தையல் ஓர் இழைகூட விட்டிருக்கவில்லை.