படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும்

தெருவில் அவருக்கு ஃபார்ம்காரர் என்று பெயர். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூச்சிரைக்கும் ஒரு ஜெராக்ஸ் மெஷின், இவ்வளவுதான் கடை. கல்லூரி விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் மட்டும் வாசலில் செருப்பு குவியும். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதைப் பின்னால் தள்ளுவது என்று மெத்தப் படித்தவர்கள்கூட அவரிடம்தான் வந்து நிற்பார்கள். பட்டியலில் மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதுதான் விதி. ஆசைப்பட்டதை முதலில் போடுங்கள், பக்கத்தில் இருப்பதை அப்புறம் போடுங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுவார்.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. நிரப்பி முடித்ததும் பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுப்பார். "வாய்விட்டுப் படிங்க, அப்புறம் கையெழுத்துப் போடுங்க" என்பார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பறப்பவர்களையும் விடமாட்டார். கையெழுத்திட்ட தாள் பச்சைக் கோப்புக்குள் போன பிறகுதான் விண்ணப்பத்தை அனுப்புவார். சுவரிலும் பெரிதாக ஒட்டியிருந்தார்: படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும்.

ஊருக்கு இவ்வளவு உபதேசம் செய்த மனிதர்தான் சொந்த மகள் விஷயத்தில் கைவரிசையைக் காட்டினார்.

மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு நினைப்பில்லை. விண்ணப்பத்துக்கான புகைப்படத்தை அளவு சுருக்க அவர் ஒவ்வொன்றோடும் கால் மணி நேரம் மல்லுக்கட்டிய காலம் ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பில் அவள் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். படத்தை உள்ளே போட்டால் போதும், அதுவே சுருங்கி வெளியே வரும். பக்கத்துத் தெருக் கடைகளை விட்டுவிட்டு ஜனங்கள் இங்கே வந்ததே அதற்காகத்தான்.

இருபத்திரண்டு கல்லூரிகளை அலசி, அவளே ஒரு நோட்டுத் தாளில் வரிசை போட்டிருந்தாள். முதலில் எட்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த கல்லூரி. அதன் பாடத்திட்டம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். இரண்டாவது, வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கல்லூரி. "அவ கேட்டதையே போடுங்க" என்று மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவர் முதல் இரண்டையும் இடம் மாற்றினார். ஒன்று கீழே, ஒன்று மேலே, அவ்வளவுதான். பெண் பிள்ளை, தனி ஊர், விடுதிச் சாப்பாடு என்று மனதுக்குள் காரணங்களை அடுக்கிக்கொண்டார். எல்லாம் சப்பைக்கட்டு. அவள் போய்விட்டால் கம்ப்யூட்டர் மக்கர் செய்யும்போது கூப்பிட ஆளிருக்காது. சாயங்காலம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களைக் கிண்டலடிக்கவும் ஆளிருக்காது. உண்மை அதுதான்.

தாளை அவளிடம் நீட்டியபோது கடையில் நல்ல கூட்டம். அவள் யாருடைய புகைப்படத்தையோ ஸ்கேன் செய்துகொண்டே, பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். படி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

முடிவு வந்த அன்று பக்கத்துக் கல்லூரி கிடைத்திருந்தது. அவள் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"மார்க் பத்தலப்பா. கணக்குல கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும். உங்களுக்கும் ஏமாத்தமாத்தான் இருக்கும்."

மகள் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அதனால என்னம்மா, இதுவும் நல்ல காலேஜ்தான்" என்றார். நாக்கு அழுகிவிடாதா என்று தோன்றியது.

மறுநாள் மதியம் எதிர்வரிசைத் தையல்காரம்மா தன் மகளோடு வந்தாள். அந்தப் பெண்ணுக்கும் இங்கேதான் விண்ணப்பம் போட்டார்கள். "அண்ணே, உங்க கை ராசிண்ணே. ஆசைப்பட்டதை முதல்ல போடுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள்.

ஒதுக்கீட்டுத் தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது. அவருடைய மகள்தான் எடுத்தாள். எட்டு மணி நேரத் தூரத்துக் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். கீழே அந்தப் பெண்ணின் மதிப்பெண். இவளைவிடப் பதினொன்று குறைவு. அவள் சிரித்தபடியே வாழ்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தாளை மறுபடி பார்த்தாள்.

"அப்பா, இதுல ஏதோ தப்பிருக்கு. எனக்குத்தான முதல்ல வந்திருக்கணும்? அவங்க சிஸ்டத்துல கோளாறுப்பா. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் முறையீடு பண்ணலாம். நம்மகிட்டதான் அத்தாட்சி இருக்கே." பச்சைக் கோப்பை எடுக்க எழுந்துவிட்டாள்.

அரசாங்கக் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டாள். அப்பாவைச் சந்தேகப்படவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. கோப்பை முந்திக்கொண்டு எடுத்தார். அந்த ஒரு தாளை மட்டும் உருவிக் கசக்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்தார் என்பதை மறைப்பானேன். பிறகு தாளை அவள் கையிலேயே கொடுத்தார்.

"சிஸ்டத்துல கோளாறு இல்லம்மா. நான்தான் மாத்தினேன்."

தையல்காரம்மா அவரையும் சுவரில் ஒட்டியிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று நினைத்தாலும் காது மடல் சுட்டது.

மகள் கத்தவில்லை. தாளில் தன் கையெழுத்தை விரலால் தடவினாள்.

"ஊர்ல இருக்கற எல்லாரையும் படிக்கச் சொல்லுவீங்க. என்னை மட்டும் சொல்லல."

"சொல்லல."

"நேத்து நான் சாரி கேட்டப்பகூட சொல்லலயேப்பா."

அவர் தரையைப் பார்த்தார். தரையில் யாரோ விட்டுப்போன பேனா மூடி கிடந்தது.

மணி மூன்றே கால். விதிமுறை அவருக்கு அத்துப்படி. தப்பு நிரப்பியவருடையது என்றால் அவரே எழுதிக் கொடுக்க வேண்டும், மாணவியும் கையெழுத்திட வேண்டும். பத்து நாளில் பதில் வரும். இடம் கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எழுதிக் கொடுத்தவரின் அனுமதி மட்டும் நிச்சயம் பறிபோகும், அவர் இனி யாருக்கும் விண்ணப்பம் நிரப்ப முடியாது. படிக்காமல் கையெழுத்துப் போட வந்தவர்களை இதே விதியைக் காட்டி எத்தனை முறை மிரட்டியிருக்கிறார்.

உட்கார்ந்து தட்டச்சு செய்தார். 'கவனக்குறைவால்' என்று முதலில் அடித்தார். அதை அழித்துவிட்டு 'மகளுக்குத் தெரியாமல், வேண்டுமென்றே' என்று அடித்தார். அச்சடித்து, கையெழுத்திட்டு, அவளிடம் நீட்டினார்.

"நீயும் இங்க கையெழுத்துப் போடணும்மா."

அவள் பேனாவை எடுக்கவில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் போய், வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு சொல் விடாமல், விண்ணப்ப எண்ணைப் பழைய தாளோடு ஒப்பிட்டு, தேதியைச் சரிபார்த்து, அவருடைய பெயரையும் சேர்த்துப் படித்தாள். முடித்ததும் மறுபடி மேலிருந்து தொடங்கினாள்.

அப்பா கொடுத்த தாளை அவள் படித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் கைகட்டி நின்றார்.