கூடையோடு அளந்த தூரம்

அப்புத்தளைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிய உலர்த்தும் இயந்திரம் வந்திருந்தது. மேற்குச் சுவரோரம் நிறுத்தச் சொன்னது கொழும்பிலிருந்து வந்த வரைபடம். அரைத்த கொழுந்தை மேசையிலிருந்து உலர்த்தும் இடத்துக்கு நாளுக்கு அறுபது நடை சுமக்கும் மருதாயிக்கு அது சரிப்படவில்லை.

“கெழக்கு வாசப் பக்கம் வைங்க ஐயா. அதுதான் கிட்ட.”

தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் சிவபாதம் படத்தை விரித்தார். “மேற்கு பதினெட்டு அடி, கிழக்கு இருபத்தாறு அடி. உமக்கு அளக்கத் தெரியுமோ?”

“படத்துல கூடை இருக்குதுங்களா?”

சாக்குத் தைக்கும் நூலின் நுனியைக் கொழுந்து பரப்பும் மேசையில் கட்டினாள். நிறைந்த கூடையைத் தலையில் ஏற்றி, நூலை விட்டுக்கொண்டே நடந்தாள்.

“இஞ்சினியரம்மா வர்றாங்க, வழி விடுங்கடி!” என்றாள் உடன் சுமக்கும் செல்லாயி. எல்லோரும் சிரித்தார்கள்.

மேற்கே போகும்போது தூணைச் சுற்றினாள். அரைக்கும் இயந்திரங்களையும் சுற்றினாள். இன்னொரு நூலைக் கட்டிக் கிழக்கே போனாள்; ஒரே நேர்வழி. பிறகு இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்தாள். மேற்கு நூல், இரு கை விரித்த அளவில், இரண்டு பாகம் நீளமாகத் தொங்கியது.

சிரிப்பு நின்றது. சிவபாதம் தாமே கூடையைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தார். தூணில் கூடை இடித்துக் கொழுந்து சிந்தியது. இடத்தைக் குறிக்கச் சோக்குக் கட்டியை அவளிடம் நீட்டினார்.

மறுநாள் கிழக்கே, அவள் கிழித்த கோட்டுக்குள், இயந்திரத்தின் பீடத்துக்குச் சிமெந்து போட்டார்கள். படத்தைப் பார்த்தபடியே சிவபாதம் அந்தப் பக்கம் வந்தார்.

“ஐயா, மிதிச்சிடாதீங்க! இன்னும் காயல. அங்கிட்டு சுத்திப் போங்க” என்று அதட்டினாள் மருதாயி.

அவர் சுற்றிப் போனார்.