படத்துக்குத் தூக்கிய உழுவை

மூதூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் றுவைஸுக்கு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் கடல்தான். தூண்டிலும் கையுமாகப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவனை மனைவி சுஹைரா சும்மா விடுவதில்லை. "மீனெண்டால் சந்தையில கிடக்கு. நீங்கள் படம் புடிக்கத்தானே போறீங்கள்," என்பாள். பொய்யில்லை. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடும் அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில், படம் இல்லாத மீனை எவரும் நம்புவதில்லை.

அந்தக் குழுவில் உழுவைக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று நின்றவனும் அவன்தான். தலை திருக்கை மாதிரி, வால் சுறா மாதிரி இருக்கும் அந்த மீன் ஒரு காலத்தில் மூதூர்க் கரையில் தாராளமாகப் பட்டது. இப்போது மருந்துக்கும் இல்லை. பட்டால் படம் எடுத்துவிட்டு உயிரோடு விடவேண்டும் என்று றுவைஸ் எழுதினான். "இல்லாத மீனுக்கு என்னத்துக்குச் சட்டம்?" என்று சிரித்தார்கள். அவனுக்குச் சுட்டது. ஒன்றையாவது காட்டிவிட்டால் வாயை மூடிக்கொண்டு சட்டத்தை ஏற்பார்கள் என்று காத்திருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, பட்டது. கூட வந்த நண்பன் தர்மசீலனும் பிடித்து இழுக்க, பெரிய பெண் உழுவையொன்று கரையேறியது. வயிறு புடைத்திருந்தது. சந்தோஷத்தில் றுவைஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மீனைத் தூக்கிப் பிடிக்க, தர்மசீலன் கைபேசியை எடுத்தான்.

"கெதியா எடு மச்சான், விடவேணும்."

"பொறு, வெயில் அடிக்குது. இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினான். படத்தில் வால் விழவில்லை என்றதும் இன்னொரு தரம் தூக்கினான். சிரிக்கவில்லை என்றதும் சிரித்துக்கொண்டு மறுபடி தூக்கினான். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்கள்.

உழுவை ஒருமுறை உடலை முறுக்கியது. குட்டிகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன. மாதம் நிறையாதவை, மஞ்சட்கரு இன்னும் வயிற்றில் ஒட்டியிருந்தது. வதைபட்டால் சினை உழுவை குட்டிகளைக் கலைத்துவிடும் என்று அவன் எங்கோ வாசித்திருந்தான். தூக்கிப் பிடித்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை.

தாயைத் தண்ணீரில் விட்டார்கள். அது மெல்ல நீந்திப் போனது. குட்டிகளையும் அள்ளி அலையில் விட்டான். அலை அவற்றைத் திரும்பவும் கரையில் கொண்டுவந்து போட்டது.

தர்மசீலன் கைபேசியைத் துடைத்தான். "தாயின்ர படத்தை மட்டும் போடுவம்."

"ஏலாது. குட்டியளையும் எடுத்துப் போடு."

இரண்டு படங்களும் குழுவுக்குப் போயின. கைதட்டல்கள் வந்து குவிந்தன. "மாஷா அல்லாஹ்! குட்டியெல்லாம் போட்டிருக்கு, இனி உழுவைக்கு என்ன குறை?" என்று எழுதினார் ஒருவர்.

றுவைஸ் பதில் எழுதினான்: "எல்லாம் செத்துப்போச்சு. படத்துக்குத் தூக்கித் தூக்கி நான்தான் சாக்காட்டினனான்."

அதற்குக் கீழே இன்னொருவர் கேட்டார்:

"தாய் எத்தின கிலோ?"